பஞ்சு பில்டர் சுத்தம், அதற்குப் பின்னால் செம்மண்: எங்கிருந்து வருகிறது?

தேரிமண் | சனி, இரவு 9.20

வணக்கம். எனக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம். பத்து வருடம் தாண்டிய 150 சிசி கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வண்டி வைத்திருக்கிறேன். இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் பேப்பர் பில்டரை எடுத்துவிட்டு, கூண்டில் மாட்டுகிற இரண்டடுக்கு நுரைப்பஞ்சு (ஃபோம்) பில்டர் போட்டு ஒரு வருடம் ஆகிறது. ஞாயிறு விடிந்ததும் நாலைந்து பேர் தேரி (செம்மணல் மேடு) ஓரத்து வண்டிப்பாதைகளில் ஓட்டுவோம். காப்புக்காட்டுக்குள் நுழைவதில்லை. பனங்காட்டை ஒட்டிய தடங்களே எங்களுக்குப் போதும்.

தேரி மண்ணை மிதித்தவர்களுக்குத் தெரியும். அள்ளினால் விரல் இடுக்கில் வழிந்து ஓடும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதி பூட்ஸுக்குள், ஹெல்மெட்டுக்குள், தண்ணீர் பாட்டில் மூடிக்குள் என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும். ஆடிக்காற்று நேரத்தில் வண்டியே வேண்டாம், சும்மா நின்றாலே போதும்.

இன்று பில்டரைக் கழற்றினேன். வெளிப்பக்கம் செங்கல்பொடி பூசியது போல இருந்தது. உள்பக்கம் புதிது மாதிரி மஞ்சளாகவே இருந்தது. சரி, பில்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டே பின்னால் கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர்க் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். குங்குமச் சிமிழில் தொட்டது போல விரல் சிவந்து வந்தது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியும் சிவப்பு.

இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை பெட்ரோலில் அலசி, கம்ப்ரசர் காற்று அடித்து, மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலைத் தடவி மாட்டுவேன். இங்கே எல்லோரும் செய்வது அதுதான். கொஞ்ச நாளாகக் காலையில் கிக்கரை ஏழெட்டு முறை மிதிக்க வேண்டியிருக்கிறது. இன்ஜின் ஆயிலும் குறைகிறது. பில்டர் சரியில்லையா, நான் சுத்தம் செய்யும் முறை சரியில்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முதல்கியர் | சனி, இரவு 10.05

பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு கம்பெனி பேப்பர் பில்டரையே மாட்டுங்கள் நண்பா. என் எக்ஸ்பல்ஸ் வண்டியில் அதுதான் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் பெட்ரோலில் கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கோவைப் பட்டறை | ஞாயிறு, காலை 6.10

தம்பி, காரணம் தெரிகிற வரை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்றைய ஞாயிறு ஓட்டம் போனால் போகட்டும்.

தேரி மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. பேனாக்கத்தியின் எஃகுகூட ஐந்தரை பக்கம்தான். பட்டறையில் வால்வு லேப்பிங் செய்ய, அதாவது வால்வை அதன் இருக்கையோடு தேய்த்துப் பொருத்த, ஒரு கிரைண்டிங் பேஸ்ட் வைத்திருப்போம். கடினமான பொடியும் கிரீஸும் கலந்ததுதான் அது. உங்கள் சிலிண்டருக்குள் செம்மண்ணும் இன்ஜின் ஆயிலும் கலந்து அதே பேஸ்ட் தயாராகிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போதெல்லாம் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான போரையும் தேய்க்கிறது. கிக்கர் அதிகம் கேட்பதும் ஆயில் குறைவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பதிவில் ஒரு வரி முக்கியமானது. பஞ்சின் உள்பக்கம் மஞ்சளாகவே இருக்கிறது என்கிறீர்கள். மண் பஞ்சைத் துளைத்து வந்திருந்தால் உள்பக்கமும் சிவந்திருக்கும். சிவக்கவில்லை. அப்படியானால் மண் பஞ்சுக்குள்ளே வரவில்லை, பஞ்சைச் சுற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் கழுவும் முறையில் தப்பு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த மண்ணுக்கு அது காரணம் இல்லை. பேப்பருக்கு மாறினாலும் அதே சந்து வழியாக மண் வரும்.

மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பஞ்சின் விளிம்பு ஏர் பாக்ஸில் (பில்டர் இருக்கிற பெட்டி) உட்காரும் வட்டம். அங்கே மணல் துகள் ஒன்று மாட்டியிருந்தாலும், கூண்டின் திருகு ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலும் வழி கிடைத்துவிடும். இரண்டு, பஞ்சின் ஒட்டுத் தையல். பெட்ரோல் அந்தப் பசையை இளக்கிவிடும். விளக்குக்கு முன்னால் பிடித்து, மெதுவாக விரித்துப் பாருங்கள். மூன்று, பில்டரைத் தாண்டிய பிறகு வருகிற இணைப்புகள் எல்லாம்: ரப்பர்க் குழாய், அதன் கிளாம்ப், ஏர் பாக்ஸின் சுத்தமான பக்கத்தில் தொங்குகிற வடிகால் குழாயின் மூடி. இந்த மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

துணியால் துடைப்பதற்கு முன் மண் எந்த வடிவத்தில் படிந்திருந்தது? குழாய் முழுக்கச் சீராகவா, கோடு மாதிரியா? கோடாக இருந்தால், அது தொடங்குகிற இடத்தில்தான் சந்து இருக்கும்.

இனி கழுவும் முறை. பெட்ரோல் பஞ்சை ஊத வைக்கும், பசையைக் கரைக்கும். அதோடு நெருப்பு பயம். கொல்லைப்புறத்தில் வாளியில் பெட்ரோல் வைத்துக்கொண்டு உட்காருவதை நான் எந்தத் தம்பிக்கும் சொல்ல மாட்டேன். பில்டர் கழுவும் திரவம் கிடைத்தால் அது நல்லது. கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய். இப்போது அதுவும் கிடைப்பது கஷ்டம், அதனால் பலரும் டீசலில் கழுவுகிறார்கள். டீசல் என்றால் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவையாவது அலச வேண்டும், இல்லாவிட்டால் அதன் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி புது ஆயிலை ஒட்டவிடாது. பழைய ஆயில் போனதும் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. தண்ணீரை உள்பக்கமிருந்து வெளியே விடுங்கள். வந்த வழியிலேயே மண் திரும்பிப் போக வேண்டும். பிழியும்போது ஈரத்துணி மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் போதும். கம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது, அது பஞ்சின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். நிழலில் ஒரு நாள் தொங்கட்டும். ஈரம் இருக்கிற இடத்தில் ஆயில் பிடிக்காது.

காய்ந்ததும் ஒரு பாலித்தீன் பையில் பஞ்சைப் போட்டு, பில்டர் ஆயில் ஊற்றி, பைக்கு வெளியிலிருந்தே பிசையுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற நிதானம் வேண்டும். நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும் வரை பிசைந்துவிட்டு, மிச்ச ஆயிலை அமுக்கி எடுத்துவிடுங்கள். ஆயில் சொட்டுகிற பஞ்சு காற்றை அடைக்கும், பிளக்கைக் கறுப்பாக்கும். ஒரு இரவு அப்படியே வையுங்கள். காலையில் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. கடைசியாக விளிம்பில் தண்ணீர் தாங்கும் கிரீஸை ஒரு நூல் அளவு பூசி மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரப்பர்க் குழாயின் உட்சுவரில் வெள்ளை கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி வையுங்கள். அடுத்த முறை திறந்து பார்க்கும்போது கிரீஸ் வெள்ளையாக இருந்தால் மண் வரவில்லை. விரலில் நறநறவென்றால் எங்கோ வழி இருக்கிறது. நான் தயார் செய்கிற எல்லா வண்டியிலும் இது இருக்கும்.

பழைய எக்ஸ்எல் | ஞாயிறு, காலை 8.30

பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பில்டர் ஆயில் என்று தனியாக விற்பதெல்லாம் பிறகு வந்தது. ஹோண்டாவின் பழைய பஞ்சு பில்டர் வண்டிகளுக்கான கையேடுகளிலேயே எஸ்ஏஈ 80-90 என்கிற தடிப்பு அளவுள்ள கியர் ஆயில் போட்டுப் பிழியச் சொல்லியிருப்பார்கள். என் வண்டியில் இத்தனை வருடமாக 90 கியர் ஆயில்தான். போர் இன்னும் முதல் அளவிலேயே இருக்கிறது. சின்ன ஊரில் இருக்கிற பையனிடம் கிடைக்காத பொருளைச் சொல்லிப் பயன் இல்லை.

கோவைப் பட்டறை | ஞாயிறு, காலை 9.15

ஐயா, நீங்கள் சொல்வது உண்மை. அந்தக் கையேடுகளை நானும் பார்த்திருக்கிறேன். கையில் வேறு எதுவும் இல்லை என்றால் கியர் ஆயில் போடலாம், வெறும் பஞ்சை மாட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கியர் ஆயில் நிற்காது. வண்டி நாலு நாள் நின்றால் மேல்பக்கத்து ஆயில் இறங்கி அடிப்பக்கம் சேர்ந்துவிடும், மேல்பாதி வறண்டு போகும். இன்ஜின் ஆயில் இன்னும் சீக்கிரம் இறங்கும். பில்டர் ஆயிலில் ஒட்டும் பசைத்தன்மைக்கென்றே சேர்ப்பு உண்டு. அதை இளக்கி வைத்திருக்கிற கரைப்பான் ஆவியானதும் இழைகளில் அப்படியே பிடித்துக்கொள்ளும். நீங்கள் தினமும் ஓட்டி அடிக்கடி கழுவுகிறவர், அதனால் உங்களுக்குக் கியர் ஆயில் போதுமானதாக இருந்திருக்கும். தம்பி வாரம் ஒருநாள் ஓட்டுகிறவர்.

பழைய எக்ஸ்எல் | ஞாயிறு, காலை 9.40

ஆமாம், நான் வாரத்துக்கு இரண்டு தடவை கழுவுகிறவன். மேல்பாதி வறளும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாலைப்பயணி | ஞாயிறு, மதியம் 1.30

துபாயிலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பதாயர் பக்கம், பிக் ரெட் என்கிற பெரிய மணல்மேட்டைச் சுற்றி ஓட்டுவோம். என்னுடையது 450 சிசி என்டியூரோ (கரடுமுரடான பாதைகளுக்கான) வண்டி. அந்த மணலும் சிவப்புதான், அதனால் உங்கள் விரல் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்த்த மாதிரி புரிகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 150 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 3000 இழுப்பு. ஒவ்வொன்றிலும் முழு 150 மில்லி என்று வைத்தால் நிமிடத்துக்கு 450 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 27,000 லிட்டர். ஒவ்வொரு முறையும் முழுக்க நிரம்பாது என்றாலும் ஆயிரக்கணக்கான லிட்டர் இருக்கும். முன்வண்டியின் புழுதிக்குள் ஓட்டினால் அவ்வளவு காற்றும் புழுதிக் காற்று. அதனால் நாங்கள் கடைப்பிடிக்கிற முதல் விதி பில்டரைப் பற்றியதே அல்ல: முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதே. பக்கவாட்டில் விலகு, இல்லையா புழுதி அடங்கும் வரை பின்தங்கு.

இரண்டாவது, நாங்கள் ஓட்டம் முடிந்து கழுவிக்கொண்டிருப்பதில்லை, பில்டரையே மாற்றிவிடுவோம். என்னிடம் ஐந்து பஞ்சு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஐந்தையும் கழுவி, ஆயில் போட்டு, ஜிப் பைகளில் போட்டு வைத்துவிடுவேன். ஓட்டம் முடிந்ததும் பழையது வெளியே, புதியது உள்ளே, ஐந்து நிமிட வேலை. நேரம் இல்லை, அடுத்த வாரம் கழுவிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கே இடம் இல்லாமல் போகிறது. பஞ்சின் மேல் ஆயில் போட்ட மெல்லிய உறை ஒன்று மாட்டும் வழக்கமும் உண்டு. நண்பகலில் நிறுத்தும்போது உறையை மட்டும் உரித்துப் போட்டால் பாதி மண் அதோடு போய்விடும்.

2020 முதல் சவூதியில் நடக்கிற டக்கார் பாலைவனப் பந்தயத்திலும் பில்டர் என்பது தினசரி வேலை. 2024ல் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா அங்கே பைக்குகளுக்கான ராலி 2 பிரிவை வென்றபோது எங்கள் அறையில் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிவிட்டார். நாம் ஓட்டுகிற அதே மணல் குணம் கொண்ட பாலையில், நாள்கணக்கில், ஒரே இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது பில்டர் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும்.

கவனம் ஒன்று. பஞ்சை வெளியே எடுத்ததும் குழாய் வாயில் துணியை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏர் பாக்ஸைத் துடைக்கும்போது உதிர்கிற மண் நேரே உள்ளே போகும். துணி நல்ல பெரியதாக, வால் வெளியே தொங்குவதாக இருக்கட்டும். சின்னத் துணியை உள்ளேயே மறந்து பில்டரை மாட்டியவரை எனக்குத் தெரியும்.

வன்னிப்புழுதி | ஞாயிறு, மாலை 5.50

வணக்கம் தம்பி. நான் கிளிநொச்சிப் பக்கம். ஜப்பானில் இருந்து வந்த தொண்ணூறுகளின் 200 சிசி ட்ரெயில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஓடுறன். எங்கட உள்வீதிகள் கிரவல் (சரளை மண்), மாரி முடிஞ்சு இரண்டு கிழமையில புழுதி முழங்கால் அளவு. என்ர கதையையும் சொல்லிவிடுறன், ஆருக்கும் உதவும்.

வாங்கின புதிசில பில்டரைத் திறந்தன். பஞ்சைத் தொட்ட உடனே பழைய கேக் மாதிரி உதிர்ந்து விரலில ஒட்டிச்சுது. வயசான பஞ்சு அப்படித்தான், அதில பிழை சொல்ல ஏலாது. ஆனா உதிர்ந்த துண்டுகளில் பாதியைக் காணேல்லை. கார்புரேட்டரைக் கழட்டினா பெற்றோல் வாற சின்னத் துளையான ஜெட்டுக்குப் பக்கத்தில கறுப்புப் பசையாக் கிடந்தது. மிச்சம் இயந்திரத்துக்குள்ள போயிருக்கும்.

புதுப் பஞ்சு உடனே கிடைக்கேல்லை. மெத்தைக் கடையில ஒரு துண்டு வாங்கி வெட்டிப் போட்டன். அது நான் செய்த பெரிய பிழை. மெத்தைப் பஞ்சின்ர கண்கள் ஒழுங்கில்லை, பெற்றோல் ஆவிக்கும் தாக்குப்பிடிக்காது. ஒரு மாதத்தில ஓரம் கரைஞ்சு வழுவழுத்துப் போச்சுது. பில்டருக்கென்று வாற பஞ்சில கண்ணறைகள் எல்லாம் ஒன்றோட ஒன்று திறந்திருக்கும், வெளியடுக்கு பெரிய கண், உள்ளடுக்கு சின்னக் கண். ஆரும் மெத்தைக் கடைக்குப் போகாதையுங்கோ. காத்திருந்தாலும் பரவாயில்லை, சரியான பஞ்சை எடுப்பியுங்கோ.

பட்டறை அண்ணை சொன்ன மூன்றாவது இடத்தை வடிவாப் பாருங்கோ. பழைய சைக்கிள்களில ரப்பர்க் குழாயை ஏர் பொக்ஸோட ஒட்டியிருக்கிற பசை காய்ஞ்சு கழரும். பகலில கண்ணுக்குத் தெரியாது. பொக்ஸைக் கழட்டி, இரவில விளக்கெல்லாம் நிப்பாட்டிப்போட்டு, உள்ளுக்க டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.

மலைப்பாதை | ஞாயிறு, இரவு 8.15

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். என்னிடம் இருப்பது ஹிமாலயன் 411 வண்டி, இமாச்சல மலைகளில் இருக்கிற ஸ்பிட்டிக்குப் போகிறேன். அதில் மடிப்பு மடிப்பாக இருக்கிற பேப்பர் பில்டர். தினமும் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டுமா?

கோவைப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.00

வேண்டாம்ங்க. பேப்பர் வேறு மாதிரி வேலை செய்கிறது. பஞ்சில் மண் ஆழமாக உள்ளே போய் ஆயிலில் ஒட்டும். பேப்பரில் மேல்பரப்பில் படியும், படிந்த மெல்லிய அடுக்கே அடுத்து வரும் துகளைப் பிடிக்க உதவும். அடிக்கடி தட்டினால் அந்த அடுக்கு போகும், தாளும் கிழியும், ஒவ்வொரு கழற்றலிலும் விளிம்பு சரியாக உட்காராத ஆபத்து வேறு. இழுவை குறைந்தால் திறந்து பாருங்கள். சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று காற்று விடலாம். வெளியிலிருந்து உள்ளே ஒருபோதும் அடிக்காதீர்கள், மண்ணை நாமே தாளுக்குள் குத்தி ஏற்றியது போல ஆகும். தண்ணீரிலும் கழுவாதீர்கள். ஆயில் ஊறிய பிசுபிசுப்பான பேப்பர் வகையும் உண்டு, அதற்குக் காற்றும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். புதிய பில்டர் ஒன்று பையில் எடுத்துப் போங்கள். கையேட்டில் சொல்கிற கிலோமீட்டர் நல்ல சாலைக்கான கணக்கு, புழுதிக்கு அதிலேயே தனிக் குறிப்பு இருக்கும். ஓடையில் இறங்க நேர்ந்தால் ஏர் பாக்ஸ் வடிகாலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் பில்டரைப் பார்க்காமல் செல்ப் அடிக்காதீர்கள்.

தேரிமண் | செவ்வாய், இரவு 11.10

கிடைத்துவிட்டது.

ஞாயிறே பஞ்சைப் பார்த்தேன். தையல் ஓரிடத்தில் கால் அங்குலம் வாய் திறந்திருந்தது, அது பெட்ரோலின் வேலை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த இடத்தின் உள்பக்கமும் மஞ்சளாகவே இருந்தது, மேலடுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. விளிம்பும் நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

நல்லவேளையாக, குழாயின் அடிப்பாதியை நான் துடைக்காமல் விட்டிருந்தேன். கோவை அண்ணன் கேட்டபடி பார்த்தால் மண் சீராக இல்லை. கடிகார முள் ஐந்தில் நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு, தொடங்கும் இடத்தில் நூல் மாதிரி மெல்லியதாக இருந்து, கார்புரேட்டர் பக்கம் போகப் போக வால் நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தது. தொடங்குகிற இடம் ரப்பரும் பிளாஸ்டிக் பாக்ஸும் ஒட்டுகிற வரம்பு.

இன்று பாக்ஸை முழுதாகக் கழற்றினேன். வன்னி அண்ணன் சொன்ன மாதிரி, கார்புரேட்டர் பக்கத்து வாயைத் துணியால் அடைத்து, உள்ளே மொபைல் டார்ச்சை வைத்து, அறை விளக்கை அணைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரப்பரை விரலால் லேசாக அமுக்கினேன். அந்த வரம்பில் ஒரு முடி அளவுக்கு வெளிச்சம் கோடாக வந்தது. சுமார் இரண்டு விரற்கடை நீளம். விரலை எடுத்தால் மூடிக்கொள்கிறது. வண்டி குலுங்கும்போது மட்டும் திறந்து, மண்ணை உறிஞ்சியிருக்கிறது. என் தங்கை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன ஓட்டைக்கா மூன்று நாள் என்று கேட்டாள்.

இப்போது சிலிகான் வைத்து அடைத்துவிடலாமா? வீட்டில் குளியலறைக்கு வாங்கியது இருக்கிறது.

கோவைப் பட்டறை | புதன், காலை 6.30

ரொம்ப நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. அந்த வால் நட்சத்திரத்தைப் பலர் துடைத்து எறிந்துவிடுவார்கள்.

குளியலறை சிலிகான் வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவி திரும்பி வரும், சிலிகான் ஊதிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் தாங்கும் ரப்பர் பசை அல்லது கேஸ்கெட் சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பரைப் பாக்ஸிலிருந்து முழுதாகப் பிரித்து, பழைய பசையை ஒன்றுவிடாமல் சுரண்டி, இரண்டு பக்கமும் தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மேலே தடவி மூடுகிற வேலை இரண்டு ஓட்டம்கூடத் தாங்காது. ஒரு முழு நாள் காயட்டும். பிறகு அதே டார்ச் சோதனை, அதே மாதிரி அமுக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உள்ளே எவ்வளவு சேதம் என்று பார்க்க வேண்டும். முதலில் வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடுகிற சந்து. மண் போன வண்டியில் இன்டேக் வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து வால்வு மேலே ஏறும், அதனால் இடைவெளி சுருங்கும். முழுக்கப் போய்விட்டால் வால்வு மூடாது, காலையில் கிக்கர் அடிக்க அடிக்க எடுக்காது. இடைவெளி சரியாக வைத்துவிட்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் குறை ரிங்கிலும் போரிலும். ஏறாவிட்டால் வால்வில். அதைப் பார்க்காமல் யாரும் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) சொன்னால் கேட்காதீர்கள்.

இன்ஜின் ஆயிலை இன்றே மாற்றிவிடுங்கள். அதில் மண் இருக்கிறது.

தேரிமண் | மூன்றாவது வாரம், ஞாயிறு, மாலை 6.45

தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

இன்டேக் வால்வில் இடைவெளியே இல்லை, மிக மெல்லிய கேஜ்கூட நுழையவில்லை. சரிசெய்த பிறகு கம்ப்ரஷன் 95 பிஎஸ்ஐ, ஆயில் விட்டதும் 140. ஆகவே ரிங். உள்ளூர்ப் பட்டறையில் சிலிண்டரைக் கழற்றினோம். போரில் நகத்தால் தடவினால் தட்டுகிற ஆழமான கோடு இல்லை, ஆனால் இன்டேக் பக்கம் மேலிருந்து கீழாக வெளிர் கீறல்கள். லேத்தில் அளந்தார்கள், இன்னும் வரம்புக்குள் இருந்தது. ஹோனிங் செய்து (போரின் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கி) புது ரிங் போட்டோம், வால்வை லேப்பிங் செய்தோம். இன்னும் நாலு ஞாயிறு ஓட்டியிருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டி வந்திருக்கும் என்றார் லேத்துக்காரர். லேப்பிங் பேஸ்ட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். அன்று குழாய்க்குள் தடவியபோது இருந்த அதே நறநறப்பு.

ரப்பரைச் சொன்னபடியே பிரித்து ஒட்டினேன். புதுப் பஞ்சு இரண்டு வாங்கினேன், பில்டர் ஆயிலும் வந்துவிட்டது. குழாய்க்குள் வெள்ளை கிரீஸ் தடவினேன்.

இன்று காலைதான் முதல் ஓட்டம். இரண்டு மணி நேரம், பாதி நேரம் வேண்டுமென்றே கடைசி வண்டியாக, தள்ளியே ஓட்டினேன். வீட்டுக்கு வந்து, பாக்ஸின் வெளிப்புறத்தைத் துடைத்து, பஞ்சை எடுத்தேன். வெளிப்பக்கம் அதே செங்கல் நிறம். விரலை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தேன். கிரீஸ் வெள்ளையாகவே வந்தது. அந்த ஐந்து மணி இடத்தை மட்டும் தனியாக இன்னொரு விரலால் தடவினேன். அதுவும் வெள்ளை. இப்போது இரண்டாவது பஞ்சை மாட்டிவிட்டேன், முதல் பஞ்சு நிழலில் தொங்குகிறது.

வன்னிப்புழுதி | ஞாயிறு, இரவு 7.30

சந்தோசம் தம்பி. உங்கட பதிவைப் பார்த்துப்போட்டு நானும் என்ர பொக்ஸைக் கழட்டி வச்சிருக்கிறன். இனி விளக்கை நிப்பாட்டிப்போட்டு டோர்ச் அடிச்சுப் பார்க்கப்போறன்.